பதினெட்டுக் குழிகளும் ஒரு திருப்தியும்

கோல்ஃப் மைதானத்தின் நிர்வாகக் குழு ஆண்டுக்கு நாற்பத்தொரு முறை கூடும். மைதானத்தில் அல்ல, மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும் மண்டபத்தில். கூடும் நாள்களில் யாரும் ஆடுவதில்லை. கூடாத நாள்களில், கூடியபோது நிறைவேற்றிய தீர்மானங்களைப் படித்துச் சரிபார்க்கவே பொழுது போதாமற் போவதால், அன்றும் யாரும் ஆடுவதில்லை. ஆகவே அம்மைதானத்துப் புல், காலடி படாத பேரழகோடு, மரகதத்தை உருக்கி ஊற்றியதுபோல் பொலிந்து கிடந்தது.

நிலம் குழுவுக்குச் சொந்தமானதன்று. பொத்தான் தொழிற்சாலை நடத்திய ஒரு பெரியவர் அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்தது. அந்தப் புண்ணியவான் தம் வாழ்நாளில் ஓர் ஆட்டத்தையேனும் முழுதாக ஆடி முடித்ததில்லை. ஐந்தாம் குழியை நெருங்கும்போதெல்லாம் எவராவது கோப்பு ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். தாம் பெறாத பேற்றை ஊரார் பெறட்டும் என்று அவர் பத்திரத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்: ஆண்டுக்கு ஒரு நாள், மைதானத்து மதிலை ஒட்டிய தெருவில் குடியிருப்போரில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, பதினெட்டுக் குழிகளையும் ஆடவைத்து, பொழுது சாய்வதற்குள் அவர் திருப்தி அடைந்தார் என்று குழு சான்றளிக்க வேண்டும்.

இந்நிபந்தனையை ஐம்பத்தொன்பது ஆண்டுகள் குழு வழுவாது போற்றி வந்தது. சீட்டு விழுந்தவரை மண்டபத்துக்கு அழைப்பார்கள். மெத்தை தைத்த நாற்காலியில் இருத்துவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். படிவத்தில் மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கைகுலுக்கி வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். மட்டையைத் தொட்டவர் ஒருவருமில்லை. திருப்தி அடையாதவரும் ஒருவருமில்லை.

அறுபதாம் ஆண்டில் சீட்டு, தராசு பழுதுபார்க்கும் ஒருவர்மேல் விழுந்தது.

அவர் ஐம்பத்து மூன்று வயதினர், மெலிந்தவர். கடைத்தராசு, மருந்துத்தராசு, மூட்டை நிறுக்கும் மேடைத்தராசு எதுவானாலும் பிரித்து மாட்டி நடுநிலைக்குக் கொண்டுவருவது அவர் தொழில். முள் பூஜ்யத்தில் நில்லாத தராசின்மேல் ஓர் இறகையும் அவர் வைக்கமாட்டார். இந்த வழக்கம் பட்டறையோடு நின்றிருந்தால் குழுவுக்கு ஒரு தொல்லையுமில்லை. மனிதர் அதை மண்டபத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

"இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, இங்க மட்டும் சுருக்கமா," என்றார் குழுவின் செயலாளர். "அவ்வளவுதான் சார். பிஸ்கட் எடுத்துக்குங்க."

தராசுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தார். படிவத்தை ஒருவர் படிப்பதை அம்மண்டபம் கண்டதில்லை.

"'பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடித்து மனநிறைவு எய்தினேன்'னு போட்டிருக்குங்க."

"ஆமா சார்."

"நான் இன்னும் ஆடலையே?"

"அதனால என்ன சார்? இதுவரைக்கும் யாருமே ஆடினதில்ல."

"இல்லீங்க. நிறுத்துப் பாக்காம எடை எழுதி எனக்குப் பழக்கமில்ல. ஆடிட்டு வந்து போட்டுடறேன்."

செயலாளர் சிரித்தார், பிறகு தராசுக்காரர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சாட்சிக்காக ஆண்டுதோறும் அனுப்பப்படும் பதிவு அலுவலர் சன்னலோரம் அமர்ந்திருந்தார். முன்பிருந்தவர் பத்திரத்தின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு உறங்கும் இயல்பினர். இவரோ புதிதாக மாற்றலாகி வந்த பெண்மணி. ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களை அடிக்கோலால் மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொல்றது சரிதான்," என்றார் அலுவலர். "இன்னொரு பக்கமும் இருக்கு. படிக்கிறேன். 'பொழுது சாய்வதற்குள் அன்னார் திருப்தி அடைந்ததாகக் குழு சான்றளிக்கத் தவறின், நிலம் முழுவதும் அத்தெருவாருக்கே உரியதாகும்.'"

தராசுக்காரரின் மனைவி சன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். கணவரைப் படம் எடுப்பார்கள், சட்டைக் காலர் மடங்கியிருந்தால் சொல்லலாம் என்று வந்தவள். அவள் காதில் விழுந்த அச்செய்தி, தராசுக்காரர் நாற்காலியை விட்டு எழுமுன் மதிலைத் தாண்டித் தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்விட்டது. அத்தெருவின் அகலம் பதினோரு அடி. எதிர்வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டுக்காரர் முகம் துடைத்துக்கொள்வார். துணி காயப்போட இடமில்லை. பிள்ளைகள் ஓட இடமில்லை. ஓடினால் யார் வீட்டுக் கண்ணாடியாவது உடையும்.

மனைவி அவரைத் தூணோரம் இழுத்தாள்.

"என்னங்க, நல்லா விளையாடுங்க. ஆசை தீர விளையாடுங்க. கடைசியில கேப்பாங்க. 'இல்ல'ன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தை."

"நிஜமாவே திருப்தியா இருந்துச்சுன்னா?"

"உங்களுக்கா? கல்யாணத்தன்னைக்கு மாலையும் கழுத்துமா உக்காந்துக்கிட்டு, சாப்பாட்டுல உப்பு ஒரு சிட்டிகை கூடன்னு சொன்ன மனுஷன் நீங்க. உங்களுக்கு என்னைக்குங்க திருப்தி வந்திருக்கு?"

அவர் மறுக்கவில்லை. உப்பு அன்று கூடத்தான் இருந்தது.

குழு அவசரமாகக் கூடியது. திருப்தித் துணைக்குழு என ஒன்று அமைந்தது. பதினொரு உறுப்பினர்களும் அதில் இடம் பெற்றதால் அது குழுவாகவே இருந்தது. முதலில் ஆடை விதி. காலுறை கணுக்காலுக்குமேல் ஐந்து அங்குலம் இருக்கவேண்டும் என்பதால் ஓர் உறுப்பினர் மண்டியிட்டு அளந்தார், நாலேமுக்கால் என்றார்.

"ஐயா, உங்க நாடா இழுபட்டிருக்கு," என்றார் தராசுக்காரர். "மொத அங்குலத்தைப் பாருங்க, நீண்டுபோயிருக்கு. நல்ல நாடாவுல அளந்தா அஞ்சு வரும்."

அளந்தார்கள்; ஐந்து வந்தது. அதே நாடாவால் இருபத்தேழு ஆண்டுகளாக விலக்கப்பட்ட உறுப்பினர் விண்ணப்பதாரர்களைப் பற்றி ஒருவரும் பேசாதிருக்கத் தீர்மானித்தார்கள். அத்தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்து, மட்டைப் பையை யார் சுமப்பது என்ற கேள்வி எழுந்தது. துணைத்தலைவருக்குக் கீழும் பொருளாளருக்கு மேலும் உள்ள பதவியினரே சுமக்கத் தக்கவர் என்று விதி கூறியது. அப்படி ஒரு பதவி இல்லை. உருவாக்கலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருக்கையில், அங்கே இருபத்தாறு ஆண்டுகளாகப் புல் வெட்டிவரும் பெண்மணி, எல்லாராலும் புல்லம்மா என்று அழைக்கப்படுபவர், பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இவங்க முடிவு பண்றதுக்குள்ள பை வேர் விட்டுடும். வாங்கண்ணே."

முதற்குழியின் முன் தராசுக்காரர் நின்றார். மட்டையை ஒற்றை விரலின்மேல் கிடத்தி, அது எந்தப் புள்ளியில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தார். மெல்ல ஆடி, நின்றது. அவர் முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் வந்தது. இதுவும் ஒரு தராசுதான் என்று அவருக்குத் தோன்றியது. பந்து ஒரு தட்டு. தாம் ஒரு தட்டு.

ஆடுபவர் மட்டையை ஓங்கும்போது மௌனம் காக்கவேண்டும் என்பது கோல்ஃபின் தலையாய ஒழுக்கம். அதற்கென மௌன உறுப்பினர் என ஒருவர் இருந்தார். அவர் கையில் வெண்கல மணி இருந்தது. தராசுக்காரர் மட்டையை ஓங்கியதும், மௌனம் தொடங்கிவிட்டதை அனைவருக்கும் அறிவிக்கும்பொருட்டு அவர் மணியை மூன்றுமுறை ஓங்கி அடித்தார். மட்டை காற்றைக் கிழித்தது, பந்து அசையவில்லை. குழு கைதட்டியது.

"திருப்தியா சார்?" என்று செயலாளர் படிவத்தோடு ஓடிவந்தார்.

"பந்து மேலயே படலீங்க."

"பரவாயில்ல சார், ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு மதிப்பெண் போடுங்க."

"பூஜ்யம் எங்க?"

"பூஜ்யம் கிடையாது சார். இந்த மைதானத்துல நிக்கிறதுக்கே ஒண்ணு உண்டு."

"பூஜ்யம் இல்லாத தராசு எதையும் நிறுக்காதுங்க," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அவர் மறுபடி ஓங்கினார். மணி அடித்தது.

முதற்குழியில் பந்தை இறக்கப் பத்தொன்பது அடி ஆயிற்று. இரண்டாவதில் பதினான்கு. மூன்றாவதில் பந்து மணற்பள்ளத்துக்குள் இறங்கி, அவரும் இறங்கி, வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவ்வப்போது எழும் மணற்புகை மட்டுமே தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவரே விரல்விட்டு எண்ணி உரக்கச் சொன்னார். ஒருமுறை செயலாளர் பதினொன்றை ஒன்பது என்று எழுதப்போக, கையைப் பிடித்து நிறுத்தினார்.

மதில்மேல் தலைகள் வரிசையாக முளைத்திருந்தன. "அப்படித்தாங்க! இன்னும் மோசமா அடிங்க!" என்று மனைவி ஊக்கினாள். அவரோ மோசமாக அடிக்க முயலவில்லை. அது தானாகவே வந்துகொண்டிருந்தது.

குழு கலங்கியது. இப்படியே போனால் இம்மனிதருக்குத் திருப்தி எங்கிருந்து வரும்? நான்காம் குழியில் அவர் அடித்த பந்து வலப்புறத்து மரக்கூட்டத்துக்குள் பாய்ந்து மறைந்தது. மறைந்த சற்றைக்கெல்லாம் இடப்புறத்துப் புதரிலிருந்து ஒரு பந்து புறப்பட்டு, புல்வெளியின் குறுக்கே தயங்கித் தயங்கி உருண்டு, கொடிக்கம்பத்தின் அடியில் வந்து நின்றது. புதருக்குள்ளிருந்து பொருளாளரின் இருமல் கேட்டது.

"அற்புதம்!" என்றார் செயலாளர். "மரத்துல பட்டுத் திரும்பியிருக்கு சார்!"

தராசுக்காரர் அந்தப் பந்தை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டுமுறை மெல்ல ஏற்றி இறக்கினார்.

"இது என்னோட பந்து இல்லீங்க. என்னோடது இதைவிடக் கால் கிராம் கம்மி."

விதிநூலைப் புரட்டினார்கள். பிறிதொரு பந்தை ஆடுதல் குற்றம். ஆடினால் ஆட்டமே முழுமை பெறாது என்றிருந்தது. அவ்விதியை எழுதிய உறுப்பினரே அதைப் பெருமையோடு வாசித்து, பாதியில் அதன் பொருள் விளங்கி, குரல் தாழ்ந்தார். தராசுக்காரர் மரக்கூட்டத்துக்குள் போய், தம் பந்தைத் தேடி எடுத்து, ஏழு அடியில் வெளிக்கொணர்ந்தார்.

ஏழாம் குழியில் அவருடைய பந்து, கொடிக்கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போயும் குழிக்குள் விழுந்தது. அவர் மண்டியிட்டுச் சாண் வைத்து அளந்தார்.

"மத்த குழியெல்லாம் அரைச் சாண். இது ரெண்டு சாண் இருக்கு."

"காலையில வாளியை வச்சு வெட்டச் சொன்னாங்கண்ணே," என்றார் புல்லம்மா. "நான்கூட மரம் நடப்போறாங்கன்னு நெனச்சேன்."

அதை மூடி, உரிய அளவில் வெட்டி, அவர் மறுபடி ஆடி முடிக்கும்வரை குழு காத்து நின்றது. ஒன்பதாம் குழி முடிந்ததும், களைத்த உள்ளங்களுக்குத் தெம்பூட்டக் குழுத்தலைவர் ஒரு முக்காலியின்மேல் ஏறினார். அவர் பருத்த திருமேனியும் அகன்ற தொப்பியும் உடையவர், எழுதிவைத்துத்தான் பேசுவார், எழுதிவைக்காமலும் அதையே பேசுவார்.

"அன்பர்களே! இம்மைதானத்தின் பெருமை எதில் இருக்கிறது? ஆட்டத்திலா? ஆட்டம் எந்த வெட்டவெளியிலும் நடக்கும். நம் பெருமை ஒழுங்கில் இருக்கிறது! பத்தொன்பது ஆண்டுகளாக நான் தலைவனாக இருக்கிறேன். இக்காலத்தில் ஒரு விதியேனும் மீறப்பட்டதுண்டா? இல்லை! ஏன் இல்லை? மீறும் அளவுக்கு எவரையும் நாம் உள்ளே விட்டதில்லை!"

நெடுநேரம் கைதட்டல் எழுந்தது. "இவர் கடைசியா எப்ப விளையாடினார்?" என்று தராசுக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு மட்டையை மேசைமேலதான் தட்டியிருக்கார்ண்ணே. கூட்டத்துல சத்தம் வந்தா."

பன்னிரண்டாம் குழியருகே அது நிகழ்ந்தது. தராசுக்காரர் குழியை நோக்கிப் பந்தைத் தள்ளக் குனிந்தபோது, மேற்கே சாயத் தொடங்கிய கதிரவன், தலைவரின் நிழலைப் பந்தின் பாதையில் கிடத்தினான். பந்தின் பாதையில் நிழல் வீழ்த்தலாகாது என்பது நாற்பத்து மூன்றாம் விதி. தலைவர் விதியை மீறிவிட்டாரா? துணைத்தலைவர், ஒரு தசாப்தமாக இத்தகைய நிழலுக்காகவே காத்திருந்தவர், ஆம் என்றார். விழுந்தது தம் நிழலன்று, தொப்பியின் நிழல் என்றார் தலைவர். தொப்பி தலைவரின் உறுப்பா, உடைமையா என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். பதினொரு பேரும் பெருமரம் ஒன்றின் நிழலில் வட்டமாக அமர்ந்தார்கள். அந்த நிழலைப் பற்றி எவரும் ஆட்சேபம் எழுப்பவில்லை. செயலாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பு எழுதத் தொடங்கினார். மௌன உறுப்பினர் தம் மணியால் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

"நாங்க அடுத்ததுக்குப் போகலாமுங்களா?" என்று தராசுக்காரர் இருமுறை கேட்டார். ஒருவர் செவியிலும் ஏறவில்லை.

"வாங்கண்ணே," என்றார் புல்லம்மா. "தொப்பி விஷயம் சின்ன விஷயமில்ல. பொழுது போயிடும்."

பதின்மூன்றாம் குழி ஒரு மேட்டுக்கு அப்பால் இருந்தது. மேட்டைக் கடந்ததும் பேச்சொலி அறுந்தது. மதிலும் அங்கிருந்து தெரியவில்லை. முன்னே ஒரு நீண்ட பசும்பள்ளம். அதன் கோடியில், எட்ட முடியாததுபோல் சிறிதாய், ஒரு கொடி. புல்லில் காற்று கைவைத்துப் போனது. எங்கோ ஒரு குருவி, தனக்குத்தானே எதையோ சொல்லி, தானே ஆமோதித்துக்கொண்டது.

தராசுக்காரர் பந்தை வைத்தார். அன்று நூற்றிருபது அடிக்குமேல் அடித்திருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மட்டையை விரலில் கிடத்திப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நிற்பதுபோல் அது அசையாது நின்றது. அப்போது அவருக்கு ஒன்று புலப்பட்டது: காலையிலிருந்து, ஓங்கும்போதெல்லாம், அவர் தோளில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்; மதில்மேல் இருந்த தெருவும் உட்கார்ந்திருந்தது. இப்போது ஒருவருமில்லை.

ஓங்கினார். வீசினார்.

அடித்ததாகவே கைக்குத் தெரியவில்லை. பழுத்த கனி காம்பை விட்டு நீங்குவதுபோல் பந்து மட்டையை விட்டு நீங்கியது. ஒலி ஒன்று எழுந்தது. சிறிது, தூயது, சுருதி சேர்ந்த தந்தியைச் சுண்டியதுபோன்றது. பந்து ஏறியது. ஏறி, வானத்தில் தன் இடம் எதுவென்று முன்பே அறிந்ததுபோல் அங்குச் சென்று, ஒரு கணம் நின்று, வெயிலை வாங்கி ஒரு வெண்மணியாய் மின்னி, அவசரமின்றி இறங்கி, கொடியிலிருந்து ஆறு தப்படி தள்ளிப் புல்லில் அமர்ந்தது.

அவர் மட்டையை இறக்க மறந்து நின்றார். நெஞ்சில் எதுவோ இத்தனை ஆண்டுகளும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்ததும், இப்போது நிமிர்ந்துவிட்டதும் ஒரே நேரத்தில் தெரிந்தன. கண் நனைந்ததற்குக் காரணம் வெயில் என்று வைத்துக்கொண்டார்.

"அடேங்கப்பா," என்றார் புல்லம்மா. பையைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு, "இருபத்தாறு வருஷமா இந்தப் புல்லை எதுக்கு வெட்டறேன்னு இன்னைக்குத்தாண்ணே தெரியுது," என்றார்.

அந்த ஆறு தப்படியைக் கடந்து பந்தைக் குழிக்குள் தள்ள அவருக்கு நான்கு அடி ஆயிற்று. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எஞ்சிய குழிகளை இருவரும் பேசிக்கொண்டே முடித்தார்கள். பதினேழில் அவர் ஒரு மரத்தை மூன்றுமுறை அடித்தார். மரத்திடம் மன்னிப்பும் கேட்டார். பதினெட்டாம் குழி மண்டபத்தின் முன் இருந்தது. அங்கே குழு மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தது. தொப்பியைப் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டிருந்தது; கூட்டம் நிகழ்ந்த நேரம் நடவடிக்கைக் குறிப்பில் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டு, பதினொரு கையொப்பங்களும் பெற்றிருந்தது. கதிரவன் மரமுடிகளைத் தொட்டுக்கொண்டிருந்தான். மதிலின் சிறுகதவைத் திறந்துகொண்டு தெருவே உள்ளே வந்து புல்லோரம் நின்றது. பந்து குழிக்குள் விழுந்தது.

"நூத்தி எழுபத்தொண்ணு," என்று தராசுக்காரர் தம் கணக்கைச் சொன்னார்.

பதிவு அலுவலர் எழுந்து நின்றார். "கேக்கிறேன். பதினெட்டுக் குழியும் ஆடி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சுங்க."

"திருப்தியா, இல்லையா?"

தராசுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் உதடு 'இல்ல' என்ற சொல்லை ஓசையின்றிச் சொல்லிக்காட்டியது. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் புல்லின்மேல் கால் வைப்பதும் எடுப்பதுமாக நின்றார்கள். தலையில் ஈரத்துணிக் கூடையோடு ஒருத்தி. அவளுக்கு அத்தனை நம்பிக்கை. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் பதினோரு அடித் தெரு ஒரு வெளியாகிவிடும். சொல்லவும் அவர் விரும்பினார். வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் அந்த வெண்பந்து ஒரு கணம் மின்னி நின்றது.

"திருப்திதாங்க," என்றார். "அப்படியொரு திருப்தி."

"ஐயோ, போச்சு!" என்று மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "உப்பு கூடன்னு சொன்ன வாயாங்க இது?"

"பொய் சொல்லிப் பாக்கலாம்னுதான் இருந்தேன். வரல."

குழு ஆர்ப்பரித்தது. மணி முழங்கியது. செயலாளர் அவசர அவசரமாகப் படிவத்தை நிரப்பினார். "எந்தக் குழியில சார் திருப்தி ஏற்பட்டது? சும்மா, ஆறாவது கட்டத்துக்காக."

"பதிமூணுல."

செயலாளரின் பேனா நின்றது. ஆறாம் கட்டத்தில், 'திருப்தி நிகழ்ந்ததை நேரிற்கண்ட உறுப்பினர் இருவர்' என்றிருந்தது.

"யாரு பாத்தாங்க?"

"புல்லம்மா பாத்தாங்க."

"கண்ணால பாத்தேங்க," என்றார் புல்லம்மா. "தேனா இருந்துச்சு."

"இவங்க உறுப்பினர் இல்லையே!" செயலாளர் தலைவரின் செவியில் குனிந்தார், பதற்றத்தில் அது எல்லார் செவியிலும் விழுந்தது. "ஐயா, நாம பாத்தோம்னு எழுதிடலாம்."

தலைவர் நிமிர்ந்தார். "எழுதலாம். ஆனால் அந்நேரத்தில் நாம் பதினொருவரும் மரத்தடியில் கூடியிருந்தோம் என்பதற்கு நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறது. நடவடிக்கைக் குறிப்பைப் பொய்யாக்கச் சொல்கிறீரா?"

செயலாளர் தராசுக்காரரிடம் ஓடினார். "சார், வேற குழி ஏதாவது சொல்லுங்க சார். மொதக் குழி? நாங்க எல்லாரும் இருந்தோம்!"

"மொதக் குழியில பத்தொன்பது அடிங்க. அதுல என்ன திருப்தி?"

"கொஞ்சம்கூடவா சார்?"

"மணி நல்லா இருந்துச்சுங்க. அவ்வளவுதான்."

தலைவர் முக்காலியின்மேல் ஏறிவிட்டார். மேற்கு வானம் அவர் தொப்பிக்குப் பின்னால் சிவந்தது.

"அன்பர்களே! இன்று ஒரு மனிதர், நம் அனுமதியின்றி, நம் கண்ணுக்கு மறைவாக, ஒரு மேட்டுக்கு அப்பால் சென்று திருப்தி அடைந்திருக்கிறார்! இதை நாம் ஏற்றால் நாளை நிலை என்ன? எவரும் எங்கும் திருப்தி அடைவர்! குழு எதற்கு? படிவம் எதற்கு? நாம்தான் எதற்கு? சாட்சியற்ற திருப்தி திருப்தியன்று என இம்மாமன்றம் உறுதிபடக் கூறட்டும்! ஏற்போர் கையுயர்த்துக!"

பத்துக் கைகள் உயர்ந்தன. செயலாளரின் கை பாதியில் நின்று, அத்தனை ஆண்டுப் பழக்கத்தால் இழுக்கப்பட்டு, தானும் மேலேறியது. தலைவரின் கையை இருமுறை சேர்த்துப் பன்னிரண்டாக எண்ணிவிட்ட மௌன உறுப்பினர், மறுபடி எண்ணிப் பதினொன்று என்று திருத்தினார். எதிர்ப்பு இல்லை. கைதட்டல் அடங்கவே சற்று நேரம் ஆயிற்று. அதற்குள் கதிரவன் இறங்கிவிட்டான்.

பதிவு அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வரி எழுதி, முத்திரை குத்தினார்.

"குழு சான்றளிக்கல. நிலம் தெருவுக்கு," என்றார். "எல்லாருக்கும் வணக்கம்."

தலைவர் இன்னும் கைகூப்பி வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டிருந்தார். பொருளாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். தலைவர் குனிந்து கேட்டு, "முறைப்படி நிறைவேறிய தீர்மானம், ஐயா," என்று நிமிர்ந்தார். பிறகுதான் முக்காலியிலிருந்து மெல்ல இறங்கினார்.

மனைவி தராசுக்காரரின் கொப்புளம் கண்ட கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "உங்க வாயால போச்சு, அவங்க வாயால வந்துச்சு," என்றாள். "வீட்டுக்கு வாங்க, மருந்து போடணும்."

தெரு எந்தக் கூட்டமும் போடவில்லை. மறுநாட்காலை, பல் துலக்கிக்கொண்டே பேசி முடித்தார்கள். முதல் நான்கு குழிகள் பிள்ளைகளுக்கு. ஐந்தின் ஓரத்தில் துணிக்கொடி. மீதியில், ஆட விரும்புகிறவர் யாராயினும் வந்து ஆடலாம். புல் புல்லம்மாவின் பொறுப்பு. அவர் சொன்னதே சட்டம். அவர் சொன்னது ஒன்றுதான்: குழி பறித்தால் மூடிவிட்டுப் போகவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, தராசுக்காரர் மனைவியோடு மேட்டைக் கடந்து வந்தார். முந்தின குழியில் அவள் அவரைவிட இரண்டு அடி குறைவாக ஆடியிருந்தாள். அதைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை. அவள் வேறெதைப் பற்றியும் பேசவில்லை. பதின்மூன்றில் அவர்களுக்கு முன்னால் ஒருவர் தம் பையைத் தாமே சுமந்துவந்து தனியே நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்திருந்தார். தலைவர்.

அவர் மட்டையை ஓங்கினார். தவறியது. சுற்றும் பார்த்தார். மீண்டும் தவறியது. மூன்றாம் முறை பந்து மட்டையில் பட்டு, தாழ்வாக, கோணலாக, ஒரு முப்பது தப்படி ஓடிப் புல்லில் ஓய்ந்தது. பருத்த அம்மனிதர் முகம் விரிந்து, பழக்கத்தால் பின்னே திரும்பி, உறுப்பினர் இருவரைத் தேடினார். தராசுக்காரரும் மனைவியும் நின்றார்கள்.

"பார்த்தீர்களா?" என்றார்.

"பாத்தோம் சார், நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் மனைவி. "நடங்க சார், பின்னாடி ஆள் நிக்குது."